சாம்பல் இழுப்பான்

ஒன்பது கிரகங்களில் ஒன்றுகூட
இதைத் தன் கல்லென்று கேட்டதில்லை.
சனிக்கு நீலம், கேதுவுக்கு வைடூரியம்,
ராகுவுக்குக்கூடக் கோமேதகம் இருக்கிறது.
தோரமல்லிக்கு ஆருமில்லை.

பெயரே ஒரு பெயரில்லை.
அரித்து, கழுவி, தரம் பிரித்து,
இன்னதென்று சொல்லத் தெரியாத மிச்சத்தை
ஒரு பக்கம் தள்ளிவிட்டுச்
சிங்களத்தில் அப்படிச் சொன்னார்கள்.
பச்சை, தேன், புகை
எல்லாம் தோரமல்லி.
அந்த மிச்சக் கூடைதான் கப்பலேறிப்போய்
உலகத்து அகராதிகளில் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வேலை கோட்டையில், ஆஸ்பத்திரி வீதியில்,
கல் பரிசோதிக்கும் இரண்டாம் மாடி.
யன்னலுக்குக் கீழே ஒல்லாந்தரின் ஆஸ்பத்திரி.
மாலுமிகள் வயிற்றோட்டத்தில் கிடந்த விறாந்தையில்
இப்போது நண்டுக்கால் உடைக்கிறார்கள்.

அந்தக் கட்டில்களில் ஒன்றில்தான்
(ஏட்டில் இல்லை, நானாக வைத்துக்கொண்டது)
படுத்திருந்திருப்பான் அவன்:
தணலுக்குப் பக்கத்தில் வைத்த கல்லில்
சாம்பல் தானாக எழுந்து ஒட்டியதைக்
காய்ச்சலோடு பார்த்துக்கொண்டு.

ஊரில் அவர்கள் சுங்கானுக்குள் விட்டுச்
சாம்பல் எடுத்தார்களாம் இதை வைத்து.
சாம்பல் இழுப்பான் என்றே பெயர்.

பிறகென்ன,
சாம்பலை இழுப்பது சூட்டை இழுக்காதா,
சூட்டை இழுப்பது கண்ணூறை இழுக்காதா?
தரகர் அஷ்வாக் நாநா வாயில் வெற்றிலையோடு சொல்வார்:
ரோஸ் நெஞ்சுக்கு, கறுப்பு கெட்ட கனவுக்கு,
பச்சை சீனி வருத்தத்துக்கு.
அவருக்கே சீனி வருத்தம்.
மாத்திரையை மறக்காமல் போடுவார்.

எங்கள் படிவத்தில்
நிறம், நிறை, ஒளிமுறிவு.
குணம் என்றொரு கட்டம் உண்டு.
அதற்கு வேறு அர்த்தம்.

புதன்கிழமை, மழை.
கொட்டாஞ்சேனையிலிருந்து பெர்னதெத் என்ற பெண்
குடையை மடிக்காமலே உள்ளே வந்தாள்.
கைக்குட்டையில் ஒரு கல்,
வெறுந்தேத்தண்ணி நிறம்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய புருஷன்
அந்தோனியார் பதக்கத்துக்குப் பக்கத்தில்
பதினொரு மாதம் நெஞ்சில் கட்டியிருந்தது.

"கண்ணாடி தானே? எழுதித் தாங்கோ.
வித்தவனிட்டப் போகவேணும்."

கண்ணாடி என்றால்
அவளுக்கு ஒரு ஆள் கிடைப்பான், ஏச.
கல் என்றால் ஆரை ஏசுவது?
கருவியில் வைத்தேன்.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
ஒன்று தசம் ஆறு இரண்டு.
ஒன்று தசம் ஆறு நாலு.
இரண்டு கோடுகள்.
கண்ணாடி ஒரு கோடுதான் காட்டும்.

"அசல்," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள்.
குடையிலிருந்து தண்ணீர்
கதிரைக் காலைச் சுற்றி ஓடியது.
பிறகு கேட்டாள்:
"அப்ப இது என்னதான் செய்யும்?"

அனுமதி கேட்டு, விளக்கடியில் கல்லைச் சூடாக்கினேன்.
மேசைக்குக் கீழிருந்து நுளம்புத்திரிச் சாம்பலைச்
சாசரில் தட்டிக் கொண்டுவந்தேன்.
இடுக்கியில் பிடித்துக் காட்டினதும்
பஞ்சுபோல் எழுந்தது சாம்பல்,
ஒட்டியது. அவள் மூச்சைப் பிடித்தாள்.
ஒட்டியது கொஞ்ச நேரம்.
அப்புறம் ஒவ்வொரு துணுக்காக
உதறி எறிந்தது கல்.

இழுக்கத் தெரியும். வைத்திருக்கத் தெரியாது.
இதைப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள்,
நான் சொல்லவில்லை.

"சிகரெட்ட மூண்டு தரம் விட்டவர்," என்றாள்.
சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.
இன்னொருக்கா காட்டச் சொன்னாள்.
காட்டினேன். நாலு தரம்.
வெளியே இருந்தவர்கள் மணியைப் பார்த்தார்கள்.

பிற குறிப்புகள் என்ற கோட்டில்
'சாம்பல் இழுக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன்.
கையொப்பத்துக்குப் போன இடத்தில்
முகாமையாளர் சிவப்பால் வெட்டினார்.
புதிதாக அடிக்கவா என்று கேட்டேன்.
வேண்டாம், இதுவே போதும் என்று
வெட்டியதோடு மடித்து
கல்லையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
விரித்தபடியே இருந்த குடையோடு
படியிறங்கினாள்.
வாசல் ஒடுக்கம். பக்கவாட்டில் திரும்பிப் போனாள்.