எட்டாம் சுற்று

கொட்டாஞ்சேனைச் சுவரெல்லாம் விருப்பு இலக்கங்கள்.
பதினேழின் மேல் நான்கு, நான்கின் மேல்
பாதி கிழிந்த இருபத்தொன்று.
வேனை நிறுத்தச் சொல்லி ஒவ்வொன்றாய் வாசித்தார்
டெர்மட் கில்ராய்,
அயர்லாந்திலிருந்து வந்த தேர்தல் கண்காணிப்பாளர்.
அவருக்கு நான் நாட்கூலி நாக்கு.

முப்பத்தொரு வருடம் எம்.பி.யாம்.
கட்டியது ஒரு பாலம்.
கல்வெட்டில் தன் பெயரே பிழை என்று சிரித்தார்.
அங்கேயும் இலக்கம் போட்டுத்தான் வாக்கு,
தோற்றவனின் சீட்டுகள் அடுத்தவனுக்குப் போகும்.
எட்டாம் சுற்றில், விடியப்புறம் மூன்றரைக்கு,
ஒன்பது வாக்கால் விழுந்தாராம்.
"அந்த ஒன்பது பேரையும் எனக்குத் தெரியும்."

மிச்சக் காலமெல்லாம்?
"செத்தவீடு. வாரத்துக்கு நாலு.
சபையில் பேசியது குறைவு."

ஜிந்துப்பிட்டிச் சந்தியில் வெள்ளைக் கொடிகள்.
ஏன் என்று கேட்டார். சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
இறங்கிவிட்டார்,
கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தபடி.

தச்சர் ஞானப்பிரகாசம், எழுபத்தாறு வயது.
பிளாஸ்டிக் கதிரைகள், வெறுந்தேத்தண்ணி,
வெள்ளைக்காரனைக் கண்டு எழுந்த மருமகன்மார்.
இரு கையாலும் ஒவ்வொருவராய்ப் பிடித்தார்,
சிலரின் சின்னவிரலில் காலைநேரத்து மை.
எல்லோருக்கும் ஒரே வசனம்,
உங்கள் துன்பத்துக்கு வருந்துகிறேன்.
நாலாவது ஆளுக்குப் பிறகு நான் மொழிபெயர்க்கவில்லை.
யாரும் என்னைத் தேடவும் இல்லை.

வாசலில் இளைய மகள் மறித்தாள்:
"இவர் அப்பாவுக்கு என்ன முறை?"

எனக்குத் தந்திருந்த சொற்பட்டியலில்
வாக்குப்பெட்டி உண்டு, முத்திரை உண்டு, முகவர் உண்டு.

"தெரிஞ்சவர்" என்றேன்.