மூன்றடி பத்து அங்குலம்

பெஸ்தாரி ஜெயா என்று ஊர்ப்பலகை மாறிவிட்டது.
பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
எண்ணெய் ஆலைப் புகை சாயும் பக்கம்
மூன்றாவது கடைவீடு, வாடகை அறுநூற்றைம்பது.
வாசலில் எழுதியாகிவிட்டது:
சுபத்திரா சிகையலங்காரம்.

அலமாரிதான் சுவரோடு சேர மாட்டேனென்கிறது.
தரையோரம் ஓடும் ஸ்கர்டிங் பலகை
அதன் குதிகாலில் முக்கால் அங்குலம் முட்டுகிறது.
தலையை மட்டும் சுவரில் திருகினால்
கண்ணாடி மல்லாந்து
விசிறியைக் காட்டுகிறது.
விசிறிக்கா முடி வெட்டப்போகிறேன்?

கழற்றிவிடலாமா என்றேன்.
மிஸ்டர் ஓய் பதறினார்:
“பசைம்மா அது. இழுத்தா சுவரே உரிஞ்சு வரும்.
வேணும்னா அங்கயே வெச்சு வெட்டு.
போறப்ப திரும்ப ஒட்டிக் குடு.”
தோட்டத்து மளிகைக் கடையில்
கடன் எழுதிப் பழகிய தமிழ்.

கைவாள் உதவாது.
தரையில் கைப்பிடி இடிக்கும், சுவரில் விரல்முட்டி இடிக்கும்.
ஹார்ட்வேர் கடை ஷாருல்
அதிரும் வாளொன்றை ஒரு மணி நேரம் இரவல் தந்தான்.
“பெலான்-பெலான், கக்கா.”

டேப் ஒட்டி, பென்சில் கோடு.
மூலைமட்டத்துக்கு முடிச்சாயப் பெட்டியின் மூலை.
முழங்கைக்குத் துண்டை மடித்து
குப்புறப் படுத்தேன்.

வாள் அசைவதே தெரியவில்லை.
தூள் மட்டும் விழுகிறது.
பலகை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறதென்று
கண்ணுக்குப் புலப்படாது, காதுக்குப் புலப்படும்:
மரம் முனகும்,
சாந்து கிறீச்சிடும்.
முனகல் மாறும் அந்த நொடியில் கையெடுக்க வேண்டும்.
பதினோரு வருடம் காதுமடலோரம்
கத்தரி ஓட்டியவளுக்கு
அதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

இடது வெட்டு நேர்.
வலது, அடியில் ஒரு நூல் கோணல்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
தரையைக் குலுக்கிப் போனது, பழி அதன்மேல்.

உளி நுழைத்து நெம்பினேன்.
மூன்றடி பத்து அங்குலம்
பல் பிடுங்கிய சத்தத்தோடு வந்தது.

பின்னால் பச்சைச் சாயம்,
செத்த எறும்புகள்,
காய்ந்த பசையில் முடி.
குட்டை குட்டையாக, கறுப்பும் நரையும்.
நான் இந்தக் கடையில்
இன்னும் ஒரு தலையும் தொடவில்லை.

போன் போட்டேன்.
ஓய் கொஞ்ச நேரம் இருமினார்.
“பார்பர் ஒருத்தன் இருந்தான். நாலு மாசம்.
நல்ல பையன். ஆள்தான் வரல.”

பிறகு அலமாரியைத் தள்ளினேன். ஒட்டியது.
சீப்பு நுழைய இடுக்கில்லை.
கண்ணாடியிலிருந்து விசிறி போய்
நாற்காலி வந்தது.

வெட்டிய துண்டின் முதுகில்
இடது, வலது என்று குறித்து
அலமாரிக்கு மேலே படுக்க வைத்தேன்.
போகும்போது வேண்டும். போனால்.

விளக்குமாறு எடுத்தேன்.
கடையின் முதல் கூட்டல்:
மரத்தூள், சுண்ணாம்பு,
யாருடையதோ தலைமயிர்.