கூட்டக் குறிப்பு

அன்று குறிப்பெழுதியவன் நான்தான்.
லூவன் நகரம், நவம்பர், இரண்டாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே சைக்கிள்கள் மழையில் நின்றன.
மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு கறுப்பு அங்கிகள்.
இந்தப் பக்கம் ஹாடவிக் ஸ்மேட்ஸ்,
நனைந்த கோட்டைக் கழற்றாமல்.

அவர் உள்ளே நுழைந்ததும் ஒருவர் சொன்னார்:
"காபி அப்புறம் கொண்டுவரலாம், அம்மா."
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
அதை நான் எழுதவில்லை.

கெங்க் சுரங்கத்து ஆள் ஒருவரின் மகள்.
அப்பா இருமித் துப்பிய கைக்குட்டைகளில்
கரி எது, ரத்தம் எது என்று
பிரித்துப் பார்த்துத் துவைத்தவர்.
பழைய ஏடுகளையும் அந்தக் கண்ணால்தான் படித்தார்.
கறையைக் கண்டால் ஒதுக்கமாட்டார்,
யாருடைய கறை என்பார்.

இறையியல் வகுப்புக்குள் பெண்களை
விட ஆரம்பித்த புதிதில் கடைசி பெஞ்ச்.
பேராசிரியர் "சகோதரர்களே" என்று தொடங்கி
"சகோதரர்களே" என்று முடிப்பார்.
அவர் முன்னால், அகராதி பார்க்காமல்,
ஒரு கிரேக்க வினைச்சொல்லை
எட்டுக் காலங்களிலும் ஓட்டிக் காட்டியிருக்கிறார் ஹாடவிக்.
நான் மூன்றாம் பெஞ்சில் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன்.

பிறகு பல்கலைக்கழகம் மொழியால் பிளந்தது.
நூலகத்தையும் பங்கு போட்டார்கள்:
ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம்.
உரைநூலின் பாதி இங்கே,
மீதிப் பாதி வயல்களைத் தாண்டி வேறொரு ஊரில்.
எல்லோரும் சலித்துக்கொண்டார்கள்.
அவர் பேருந்து ஏறிப் போய் மீதியைப் படித்துவிட்டு வருவார்.
காணாத பாதியைத் தேடிப் போவது
அவருக்கு முன்பே பழகியிருந்தது.

குற்றச்சாட்டு ஒரே ஒரு பெயர்.
உரோமையருக்கு எழுதிய மடலின் கடைசி அதிகாரம்,
வணக்கம் சொல்லும் வரிசை,
எவரும் நின்று படிக்காத இடம்.
யூனியா.
திருத்தூதர்களுக்குள் பெயர்பெற்றவர்.

நடு எழுத்தின் தலையில் சாய்கோடு இட்டால் பெண்.
கடைசி உயிரின் தலையில் வளைகோடு இட்டால் ஆண்.
பழைய தோலேட்டிலோ இரண்டும் கிடையாது.
"இந்தத் தொப்பியை வைத்தது யார்?" என்று கேட்டார் ஹாடவிக்.
அவள் அவனாக ஓர் ஒற்று போதும்,
ஓர் ஆள் போதும், ஒரு மத்தியானம் போதும்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்:
"தூதர் என்றிருக்கிறது. ஆகவே ஆண்.
ஆண் என்பதால் பெயரும் ஆண்பெயர்."
ஹாடவிக் சிரித்துவிட்டார்.
ஏளனச் சிரிப்பு இல்லை.
விடையை முதலில் எழுதிவிட்டு
வழியைப் பிறகு போட்ட பையனைப் பார்த்து
கணக்கு வாத்தியார் சிரிப்பாரே, அது.
சூடேற்றும் குழாய் டொக் டொக் என்றது.
ஆறு பேரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.

நான் எழுதினேன்: பதில் இல்லை.

கற்பிக்கும் அனுமதி போயிற்று.
பகலில் செவிலியர் பள்ளியில் லத்தீன் மருந்துப் பெயர்கள்.
மாலையில் கெங்க், மூடிய சுரங்கத்தின் உணவுக்கூடம்,
சிசிலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து
விதவையானவர்களுக்கு நற்செய்தி வகுப்பு.
மார்த்தா ஏன் கத்தினாள் என்று
அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லையாம்.
ஞாயிறு தவறாமல் பூசைக்கும் போனார்.
ஏன் என்று கேட்ட செய்தியாளரிடம்,
"பூட்டியவன் வீட்டுக்காரன் என்று யார் சொன்னது?"

தொண்ணூறுகளின் கடைசியில்
புதிய அச்சில் கோடு இடம் மாறியது.
மணி அடிக்கவில்லை, யாரும் வருந்தவில்லை.
அந்த வாரம் எனக்கொரு தபால் அட்டை வந்தது.
அதில் எழுத்தே இல்லை,
நீல மையில் ஒரே ஒரு சாய்கோடு.
நான் பதில் போடவில்லை.

போன மாதம் அவரை அடக்கம் செய்தார்கள்.
எனக்கு எண்பத்திரண்டு. ஆவணக் காப்பகத்தில்
என் தட்டச்சுப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.
பேனாவைப் பறித்துக்கொண்டு பென்சில் கொடுத்தாள் அந்தப் பெண்,
குறிப்பெடுக்க மட்டும் என்று எச்சரித்து.

அவள் தொலைபேசியை எடுக்கத் திரும்பியபோது
ஓரத்தில் எழுதினேன்: சிரித்தார்.
கை நடுங்கி ஒற்று வழுக்கிப் போனது.
மறுபடி வைத்தேன்.
காபி விஷயத்துக்கு இடம் போதவில்லை.
தாளைத் திருப்பினேன்.