மெழுகுவர்த்தி அணைந்த பிறகு

எல் ஆல்டோவில் தண்ணீர் அவசரக்காரி.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
முழுச்சூடு ஏறும் முன்பே கொதித்துவிடுவாள்.
உள்ளே கிடக்கும் உருளைக்கிழங்கு
கல்லாகவே கிடக்கும்.

"உங்கள் வீட்டில் ஏன் குக்கர்?"
எந்தப் பள்ளிக்குப் போனாலும்
இதைத்தான் முதலில் கேட்பேன்.
கைகள் எழும். சிரிப்பு எழும்.
அதற்குள் வேனிலிருந்து
வாளி, தட்டு, ஜாம் புட்டி,
வியாழச் சந்தையில் பேரம் பேசிய நீலச்சாயம்
எல்லாம் இறங்கியிருக்கும்.

நெலிடா என் பெயர்.
பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

தட்டில் நீலத் தண்ணீர்,
நடுவில் ஒரு மெழுகுவர்த்தி,
மேலே கவிழ்த்த புட்டி.
சுடர் குறுகும், துடிக்கும், போகும்.
தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே ஏறும்.
வகுப்பு வாய்பிளக்கும் அந்த நொடியில் சொல்வேன்:
"சுடர் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது.
காலியான இடத்தில்
தண்ணீர் குடிவந்துவிட்டது."

அழகான வாக்கியம்.
அட்டையில் எழுதி
மழையில் நனையாதபடி
பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன்.

அன்று செவ்வாய்.
தகரக்கூரையில் ஆலங்கட்டி கொட்டியது.
மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி, பன்கரா,
ஸ்வெட்டர் கையில் நூல் பிரிந்து தொங்கியது.
பொய் என்று அவள் சொல்லவில்லை.
"இன்னொரு தரம்" என்றாள்.

இன்னொரு தரம்.
மேசையில் கன்னம் பதித்து
தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணை வைத்தாள்.
"எரியும்போது ஏறவே இல்லை.
தின்னும்போதே இடம் காலியாகணும் இல்லையா?
செத்த பிறகுதான் ஏறுது."

அப்புறம்,
"கவிழ்க்கும்போது ஓரத்தில் குமிழி போச்சே,
அது யாரு?"

வாயைத் திறந்தேன்.
பத்தொன்பது வருடமும்
நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது.

எவாரிஸ்தோ,
அதுவரை பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தவன்,
என் பையிலேயே கைவிட்டு
இரண்டு மெழுகுத்துண்டு எடுத்தான்.
"மூணு வைக்கலாம்."

அதே புட்டி. அதே அளவு காற்று.
என் வாக்கியம் மெய்யென்றால்
தண்ணீர் அதே உயரத்தில் நிற்கணும்.
பன்கரா புட்டியில் பேனாவால் கோடு போட்டாள்.

மூன்று சுடர்.
ஓரத்தில் குமிழி, குமிழி, குமிழி.
அப்புறம் புகை.
கோட்டைத் தாண்டி
இன்னும் இரண்டு விரல் மேலே
போய்த்தான் நின்றது தண்ணீர்.

அதன்பின் நான் பேசவில்லை,
பேச இடம் தரவில்லை.
சூட்டில் பருத்த காற்றுதான் குமிழியாய்த் தப்பிச்சது என்றான் ஒருவன்.
இல்லை இல்லை, மிச்சக்காற்றைக் கவனி என்றாள் இன்னொருத்தி.
"ராத்திரிக் குளிரில் நாய் சுருண்டு படுக்குமே,
அது மாதிரி ஒடுங்கிடுச்சு."
அப்போ தண்ணீரைத் தூக்கினது?
யாரும் தூக்கலை.
வெளியே நிற்கிற காற்று தள்ளிச்சு.
நம்ம ஊர்க் காற்றா? அதுக்கு அவ்வளவு தெம்பா?
ஒரே கூச்சல்.
ஆலங்கட்டி நின்றதுகூடத் தெரியவில்லை.

வேனில் உட்கார்ந்து அட்டையை அடிக்கப் பார்த்தேன்.
பிளாஸ்டிக்கில் பேனா வழுக்கியது.
உறையைப் பல்லால் கிழிக்கவேண்டியிருந்தது.
எத்தனை பள்ளிக்கூடம்!
அந்த வாக்கியத்தை எழுதி
மதிப்பெண் வாங்கினவர்கள் எத்தனை பேர்!
அவர்களில் யாரோ இப்போது
எங்கோ புட்டி கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்,
அதே குரலில்.

மாலை, கேபிள் காரில் லா பாஸுக்கு இறங்கினேன்.
மேலே குடித்துத் தீர்த்து
இறுக மூடிய தண்ணீர் பாட்டில் பையில்.
பாதி வழியில், யாரும் தொடாமல்,
டக்.
வயிறு ஒட்டிக்கொண்டது பாட்டிலுக்கு.

"என்னவோ உடைஞ்சுதே?"
எதிரே தொப்பிக்கார அம்மாள்,
மடியில் முட்டைக்கூடை.

கீழே போகப்போகக் காற்று கனம் என்று
சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தினேன்.
"மூடியைத் திறக்காமல்
மறுபடி மேலே கொண்டுபோனால்
நிமிருதா பார்க்கணும்" என்றேன்.
"வர்றீங்களா?"

அவர் கூடையை
இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.