ஐம்பது வாட்

மைத்துனன் வீடு மாறும்போது
வேண்டாமென்று விட்டுப்போன ரிசீவர்.
பக்கத்துக்கு ஐம்பது வாட் என்று
முதுகில் எழுதியிருக்கிறது.
முகத்தில் ஒரு குமிழ். அதன் மூன்று மணி திசையில்
வெர்னாவின் நகப்பூச்சால் நானே வைத்த சிவப்புப் புள்ளி.
அதைத் தாண்டித் திருப்பித்தான்
போன ஜோடி செத்தது.

"பலம் கூடிப்போய்ச் சாகவில்லை" என்றான் ஓரின்,
க்ளோகேயில் பழைய ஆடியோ கடை வைத்திருப்பவன்,
கருகிய ட்வீட்டரை முகர்ந்து பார்த்தபடி.
"பலம் போதாமல்.
ஐம்பது வாட்டிடம் நூறைக் கேட்டால்
அலையின் தலையைச் சீவிவிட்டுத் தரும்.
சீவியது எல்லாம்
இந்தச் சின்ன மொட்டில் வந்துதான் எரியும்."

நான் காகித ஆலைக்காரன்.
இருபத்தாறு வருடம் உருளைகளுக்குப் பக்கத்தில்.
மேல் ஸ்தாயியில் பாதி எனக்குக் கிடையாது;
ஆலை மருத்துவர் வரைந்த கோடு
வலது ஓரத்தில் மலைச்சரிவாய் விழுகிறது.
அதனால்தான் சத்தமாக.
அதனால் மட்டுமில்லை.
எனக்குச் சத்தமாகக் கேட்கப் பிடிக்கும்.

கையில் இருநூறு டாலர்.
ஓரின் மூன்று ஜோடி எடுத்து வைத்தான்.
ஒன்று வால்நட் மரப்பூச்சு, தடவத் தூண்டும் வழவழப்பு,
ஒரு வாட்டுக்கு எண்பத்து மூன்று டெசிபல்.
அதற்கு யானைப் பசி. என்னிடம் சோளப்பொரி.
அடுத்தது எண்பத்தாறு.
மூன்றாவது கறுப்பு வினைல், மூலை உரிந்தது,
எண்பத்தொன்பது.
"மூன்று கூடினால் பாதி வாட் போதும்" என்றான்.
அவன் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
அழகி ஐம்பது கேட்கும் இடத்தில்
உரிந்தவன் பன்னிரண்டரையில் பாடுவான்.

நூற்று அறுபதுக்கு முடிந்தது.
கம்பி இனாம்.

வெர்னாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
ஏழே காலுக்கு அவள் கார் பின்வாங்கும்;
ஏழு இருபதுக்கு நான் குமிழைத் தொடுவேன்.
பேசி வைத்துக்கொண்டதல்ல. ஆகிப்போனது.

முதல் இரவு, டிரம்ஸ்
கோணிக்குள் கட்டிவைத்து அடித்த மாதிரி.
சுவரோடு ஒட்டினேன். ஒரு சாண் இழுத்தேன்.
பின்துளையில் காலுறை திணித்தேன், உருவினேன்.
ட்வீட்டர் காதுயரம் வர
பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கினேன்.
புள்ளி வரை திருப்பியும் பார்த்தேன்:
சத்தம் வந்தது, உடம்பு வரவில்லை.
நாலாம் நாள் ஓரினைத் திட்டிக்கொண்டே
அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன்.

அன்று பனி கொட்டியது.
கார் போவதை ஜன்னலில் பார்த்தேன்,
திரும்பியதைப் பார்க்கவில்லை.
கையுறையை மறந்து வந்தவள்
கதவில் நிற்கிறாள், எவ்வளவு நேரமாகவோ,
பூட்ஸ் சொட்டி மிதியடி நனைந்திருக்கிறது.
என் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று.

"குறைக்காதே" என்றாள்.
"பாடுகிறவன் எங்கே?"
பாடுகிறானே.
"இங்கே பாதி, அங்கே பாதி.
நடுவில் யாருமே இல்லை."

டார்ச்சைப் பல்லில் கடித்து, முட்டி போட்டு
ரிசீவரின் முதுகைப் பார்த்தேன்.
வலதில் சிவப்புக்குச் சிவப்பு.
இடதில் சிவப்புக்குக் கறுப்பு.
நாலு நாளாய் ஒன்று தள்ள ஒன்று இழுத்திருக்கிறது.
என் நூற்று அறுபது டாலர்
தன்னைத்தானே தின்றுகொண்டு.

மாற்றிச் செருகினேன். குமிழ் பதினொரு மணியில்.
முதலில் சமையலறை ஸ்பூன்கள் பேசின.
பிறகு என் விலாவுக்குள் யாரோ மேசையை நகர்த்தினார்கள்.
பிறகு அவன் வந்தான்,
ஸ்பீக்கர் இல்லாத இடத்தில்,
ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவே,
ஆளுயரத்தில்.

வெர்னா கோட்டைக் கழற்றாமலே
சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.
"இதையா இத்தனை வருஷம்
நான் போன பிறகு கேட்டாய்?"

இதை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்தச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை.

மணி ஏழு நாற்பது.
கையுறை இன்னும் ஹீட்டர் மேலேயே.
குமிழில், சிவப்புப் புள்ளிக்கு
நாலு மணி தூரம் மிச்சமிருந்தது.