வற்றத்தில் ஒரு பாட்டில்

உப்பனாற்றின் மேற்குக் கரையில் ஆலைகள்.
கிழக்கே, தோணி மூன்று முறை வளைந்தால்
முடிந்துவிடும் ஓர் அலையாத்திக் காடு.
காடு என்றால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.
"புதரும்மா அது."

எனக்கு அங்கே மாதம் இரண்டு முறை வேலை.
ஆறு பாட்டில், ஐஸ் பெட்டி, ஒரு படிவம்.
முதல் நாளே சொல்லித் தந்தார்கள்:
ஓதம் ஏறும்போது எடு.
கடல் உள்ளே வந்து எல்லாவற்றையும்
கழுவி வைத்திருக்கும் நேரம் அது.
எண்கள் நன்றாக வரும்.
ஒன்பது ஆண்டுகளாக நன்றாகவே வருகின்றன.
கீழே என் கையெழுத்து:
கீதவல்லி, ஆய்வக உதவியாளர்.

காட்டுக்கு நேரம் பார்க்கத் தெரியாது.
ஏறுவதும் அதற்குத்தான், வற்றுவதும் அதற்குத்தான்.
வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்திருக்கிறேன்.
உண்ட உப்பை வெளியே தள்ளிவிட்டுப்
பச்சையாய் நிற்கும்.
உப்பு அதற்குப் பழக்கம்.
உப்பு மட்டும்தான் பழக்கம்.

சேற்றில் பென்சில் பென்சிலாய் மூச்சுவேர்கள்.
வாடை வரும் இரவுகளில் நான்
ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணிப்பேன்.
இவற்றுக்கு எதைச் சாத்துவது?

செவ்வந்தி கழுத்தளவு நீரில் இறால் தடவுவாள்,
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி.
வாய் அடைத்திருப்பதால்
கேள்வி வராது என்றே நினைத்திருந்தேன்.
இந்த ஐப்பசியில் பறியை இறக்கிவைத்துக் கேட்டாள்:
"மோந்து மோந்து எடுத்துட்டுப் போறியே,
என்னதான் சொல்லுது தண்ணி?"
முழங்கைவரை தோல் உரிந்திருந்தது,
வெங்காயம்போல.
"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.
பொய்யில்லை. படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
அவள் கயிற்றை மறுபடி கடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன் போனேன், வற்றத்தில்.
ஆறு முழங்காலுக்கு இறங்கிக்
காட்டின் கால்கள் எல்லாம் தெரிந்தன.
சேற்றின்மேல் டீசல் சிந்தியதுபோல் மினுக்கம்.
நண்டு வளைகளின் வாயில் வெளுத்த நுரை.
ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது.
பட்ட கிளையில் நீர்க்காகம் ஒன்று
இரண்டு இறக்கையும் விரித்து வெகுநேரம் நின்றது,
யாரோ சோதனை போடுவதுபோல்.

அந்தப் பாட்டிலுக்குப் படிவம் இல்லை.
வீட்டு ஃப்ரிட்ஜில், தோசைமாவுக்குப் பின்னால்,
துணி சுற்றி வைத்திருக்கிறேன். பதினெட்டு நாளாகிறது.
நாள்பட்டால் மாதிரி செல்லாது.
அது எனக்குத் தெரியும்,
மற்ற யாரையும்விட.

இரவில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால்
அந்தச் சின்ன வெளிச்சத்தில்
அடியில் சேறு படிந்து, மேலே தெளிந்து,
நல்லாத்தான் இருக்கு.