சஹன் வெளிச்சம்

கீழக்கரை, பழைய பள்ளி.
உள்வரிசையில் ஆறாவது தூண்.
மூன்று நாளாய் அதன் எதிரேதான் கிடக்கிறேன்.

பிளாஷ் கொண்டுவரவில்லை.
அது கல்லை நேருக்கு நேர் அறையும்;
அறை வாங்கிய முகத்தில் என்ன பூ தெரியும்?
செதுக்கிய ஆழம் தெரிய
வெயில் பக்கவாட்டில் வரவேண்டும்,
கடன் கேட்க வருகிறவன்போல்
தயங்கி, சுவரைத் தடவிக்கொண்டு.

யானை இல்லை, யாளி இல்லை,
இடுப்பொடித்து நிற்க ஒரு பெண் இல்லை.
கொடி மட்டும். கொடியிலிருந்து கொடி.
உச்சிப்பொழுதில் பார்த்தால்
தேய்ந்த அம்மிபோல் மொழுமொழுவென்று நிற்கிறது.

அஸருக்கு முன்னால் பதினோரு நிமிஷம்
இந்தத் தூணுக்கு வெயில் உண்டென்று
குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.
எழுதி நாலு வருஷம். இப்போது
எதிர்மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி.
என் பதினோரு நிமிஷத்தில்
யார் வீட்டுத் தண்ணீரோ சூடாகிறது.

"வெயில்தானே? முற்றத்தில் கிடக்கே" என்றார் மீராக்கனி.
தொழ வந்தவர். சங்கு குளிக்கிற ஆள்.
போனார்; கல்யாண வீட்டு சஹனோடு வந்தார்.
நேற்று நாலு பேர் கை நனைத்த தட்டு,
புளிபோட்டுத் தேய்த்தும்
நெய்ச்சோற்று வாசம் விடவில்லை.

முற்றத்தில் நின்று சாய்த்தார்.
வெயில் வளைந்து உள்ளே வந்தது.
பாயில் ஊர்ந்து, தூணடியில் இடறி, ஏறியது.
ஏற ஏற
ஒவ்வோர் இதழும் தன் நிழலை
வெளியே எடுத்துப் போட்டது.

ஆனால் நடுக்கம்.
முழங்கால் தண்ணீரில்
மணல்மேல் ஆடுமே, அந்த வெளிச்சம்.
எனக்கு இரண்டு நொடி வேண்டும், அசையாமல்.
"பாய், மூச்சைக் கொஞ்சம் பிடிக்கணும்."
சிரித்தார். "எத்தனை நிமிஷம்?"

பிடித்தார்.
தட்டு நின்றது.
லென்சுக்குள் அப்போதுதான் பார்த்தேன்,
கொடியின் நுனியில் ஒரு மொட்டு:
பாதி மொட்டு, மீதி வெறும் கல்.
உளி விலகிப்போன இடம்.
பாங்கு கேட்டதோ,
கரைக்குத் தோணி வந்ததோ,
கூலி பாக்கியோ.
எழுந்து போனவன் திரும்பவில்லை.

ஒன்று எடுத்தேன். நகர்ந்து இன்னொன்று.
பிறகு அந்த அரை மொட்டுக்கு மட்டும்
எத்தனை என்று எண்ணவில்லை.

வெளிச்சம் கல்லின்மேல்
ஒருமுறை சுண்டியது,
கீழிருந்து கயிற்றை இழுத்தாற்போல்.
திரும்பினேன்.
கழுத்து நரம்பு புடைக்க, கண் சிவக்க
மீராக்கனி இன்னும்
அடியிலேயே இருந்தார்.